கடலே இல்லாத சேலத்திலிருந்து கடலோர ஆளுகை பற்றி ஆய்வு: உங்கள் கருத்து வேண்டும்

வசிஷ்டநதி (இழையைத் தொடங்கியவர், ஆத்தூர்)

வணக்கம். சொந்த ஊர் ஆத்தூர். சேலத்தில் சமூகவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். கடலையும் கரையையும் யார் ஆள்கிறார்கள், கரையில் வாழும் மக்களின் பிழைப்பு பவளப்பாறை, கடல்தாழை (கடலடியில் வளரும் புல்), அலையாத்திக் காடு இவற்றையெல்லாம் எந்த அளவுக்கு நம்பியிருக்கிறது, இந்த இரண்டும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று பார்க்க ஆசை.

முன்மொழிவை நீட்டியதும் முதல் கேள்வியே "சேலத்தில் ஏதும்மா கடல்?" என்றுதான் வந்தது. நியாயமான கேள்வி. தமிழ்நாட்டுக் கடற்கரை 1076 கிலோமீட்டர் என்று பள்ளியில் படித்தோம், அதில் ஒரு அடிகூட நம் மாவட்டத்தில் இல்லை.

மன்னார் வளைகுடா, பிச்சாவரம், பழவேற்காடு என்று மூன்று இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம்? மேட்டுக்காட்டுப் பெண் போய்க் கேட்டால் கடற்கரையில் மனம் விட்டுப் பேசுவார்களா? எதிலிருந்து தொடங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சூரமங்கலம் செல்வி

தங்கச்சி, கடல் இல்லைதான், ஆனால் கடல் மீன் இல்லாமல் நம்ம ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை விடியாது. எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக மீன் யாவாரம். நாகப்பட்டினம், கடலூர், ராமேஸ்வரம், கேரளா என்று எங்கே மீன் கிடைக்கிறதோ அங்கிருந்து ஐஸ் பெட்டியோடு வண்டி வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வஞ்சிரமும் சங்கராவும் அப்போது விலை ஏறுவதை மார்க்கெட்டில் வந்து பார்த்தால் புரியும். ஜனம் டேம் மீனுக்குத் திரும்பிவிடும், மேட்டூர் கட்லாவும் ரோகுவும் அப்போதுதான் ராஜா. மேற்குக் கரைக்குத் தடை ஜூன், ஜூலை என்பதால் கேரளத்து வண்டி மே முடியும்வரை வரும்.

யார் கடலை நம்பி இருக்கிறார்கள் என்று எழுதும்போது எங்களையும் ஒரு வரி சேர்த்துக்கொள்.

கரைவலை (பரங்கிப்பேட்டைப் பக்கம், இப்போது சேலத்தில் வேலை)

அக்கா சொன்னது சரி. நான் கரையிலிருந்து வந்தவன். அப்பா ஃபைபர் படகில் போகிறார், தாத்தா கட்டுமரம் ஓட்டியவர். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆளுகை என்றதும் எல்லாரும் சட்டப் புத்தகத்தைத் திறக்கிறார்கள். எங்கள் பக்கம் முதல் ஆளுகை ஊர்ப் பஞ்சாயத்து. ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஊராட்சி அல்ல இது, ஊரே கூடி நாட்டார், பஞ்சாயத்தார் என்று ஆளை நிறுத்துவது. எந்த வலை போடலாம், எது கூடாது, ஊரில் சாவு விழுந்தால் படகு போகலாமா, வலை அறுந்தால் யார் பணம் கட்டுவது என்பதெல்லாம் அங்கேதான் தீரும். கட்டுப்பாட்டை மீறினால் அபராதம். கட்ட மறுத்தால் ஊரோடு பேச்சுவார்த்தை அறுந்துவிடும், அது காவல் நிலையத்தைவிடப் பெரிய தண்டனை. இரண்டு ஊருக்குள் தகராறு என்றால் தலைகிராமம் கூடும். நாகையில் நம்பியார் நகர் அப்படிப்பட்ட தலைகிராமம். தெற்கே போகப் போக இந்த முறை மாறும். கன்னியாகுமரிப் பக்கம் பல ஊர்களில் பங்குச் சாமியாரும் தேவாலயக் குழுவும்தான் அந்த இடத்தில் இருக்கிறார்கள்.

இதை விட்டுவிட்டு, மீன்வளத்துறை ஆணையை மட்டும் வைத்துக்கொண்டு ஆய்வு செய்தால் பாதிக் கடல்தான் கண்ணில் படும்.

அப்புறம், பேசுவார்களா என்று கேட்டீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் கேள்வித்தாள் தூக்கிக்கொண்டு வராத ஆளே இல்லை. வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு கடன், படகு எத்தனை அடி என்று எழுதிக்கொண்டு போனவர்கள் யாரும் எழுதியதைக் கொண்டுவந்து காட்டவில்லை. அதனால் முதல் நாளே மளமளவென்று பேசிவிட மாட்டார்கள். மேட்டுக்காடா கடற்கரையா என்பது அங்கே பிரச்சினை இல்லை. திரும்பி வருவீர்களா என்று பார்ப்பார்கள்.

காப்பித்தோட்டம் (ஏற்காடு)

ஏற்காட்டில் பள்ளி ஆசிரியர். சட்டம் படித்தவன், வழக்காடவில்லை. கரைவலை தம்பி ஊர்ப் பஞ்சாயத்தைச் சொல்லிவிட்டார், நான் மேலே உள்ள அடுக்குகளைச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை, கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர், மீன்பிடிப்பு மாநில அரசின் கையில். அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை மத்திய அரசு. மாநிலத்தின் சட்டம் 1983-ல் வந்த கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். அதற்கு முன்னால் விசைப்படகுக்காரர்களுக்கும் கட்டுமரக்காரர்களுக்கும் கடலிலேயே அடிதடி, உயிர்ச்சேதம். அந்தச் சண்டையின் பிள்ளைதான் இந்தச் சட்டம். கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்பது அதன் நடுநாயகமான விதி. பாக் விரிகுடாவில் இன்னொரு ஏற்பாடும் உண்டு: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு.

இது தண்ணீருக்கு. கரைக்கு வேறு சட்டம். 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1991-ல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, பிறகு 2011-ல் ஒன்று, 2019-ல் ஒன்று. பெரிய அலையேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் இதற்குள் வரும். ஊரகக் கரையில் 200 மீட்டருக்குக் கட்டுமானம் கூடாது என்று இருந்ததை, சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் இடங்களில் 2019 அறிவிக்கை 50 மீட்டராகக் குறைத்துவிட்டது. யாருக்கு அது வசதி என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, காட்டுயிர்ச் சட்டம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன, வனத்துறை வந்தது. 2001-ல் கடல் அட்டை முழுவதும் அந்தச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில், அதாவது பிடிக்கவே கூடாத உயிர்களின் பட்டியலில் சேர்ந்தது, அதைப் பிடித்துப் பிழைத்த குடும்பங்கள் ஒரே நாளில் குற்றவாளிகளாகிவிட்டன. துறைமுகம், அனல்மின் நிலையம், இறால் பண்ணை என்று இன்னும் சில சட்டங்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் இப்போது போகவில்லை.

ஏற்காட்டுக்காரனாக எனக்குத் தோன்றும் ஒன்றைச் சொல்கிறேன். இங்கே சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் வனத்துறையோடு காலங்காலமாக இழுபறியில் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் 2006 வன உரிமைச் சட்டம் இருக்கிறது. நடைமுறையில் எத்தனை ஓட்டை இருந்தாலும், கிராம சபை உட்கார்ந்து "இந்தக் காடு எங்கள் புழக்கத்தில் உள்ளது" என்று தீர்மானம் போட்டு மேலே அனுப்ப ஒரு வழி உண்டு. மீனவருக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. கடல் யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லியே யார் யாருக்கோ கொடுக்கிறார்கள். கடற்பகுதியைச் சரணாலயமாக அறிவிக்கும்போது உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று காட்டுயிர்ச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்ததே 1991 திருத்தத்தில்தான். மன்னார் வளைகுடா அறிவிப்பு வந்தது 1986-ல். இந்த ஐந்து வருட இடைவெளியே ஒரு அத்தியாயம் எழுதத் தகும்.

வசிஷ்டநதி

ஐயா, இதையெல்லாம் இத்தனை தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. நன்றி. செல்வி அக்கா, ஒரு வரி என்ன, ஒரு பகுதியே போட்டுவிடலாம்.

ஒரு சந்தேகம். சூழலமைப்பைச் சார்ந்திருப்பது என்று எழுதுகிறேன், அதை எப்படி அளப்பது? குடும்ப வருமானத்தில் மீன் எத்தனை சதவீதம் என்று கேட்டால் போதுமா? மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் 2010 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 573 மீனவ கிராமங்கள், சுமார் 8 லட்சம் மீனவ மக்கள் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

கடல்தாழை (அஸ்தம்பட்டி)

அம்மா, பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்து, வேலை பார்த்து, ஓய்வுபெற்றுச் சேலத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். காலையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் நடந்த காலுக்கு இப்போது காந்தி மைதானம்.

வருமானச் சதவீதம் போதாது. மீனவர் வீட்டில் பணமாக வராத எத்தனையோ உண்டு. கறிக்கு எடுத்து வைக்கும் மீன், கரைவலை இழுக்க வந்தவனுக்குக் கிடைக்கும் பங்கு, வயதானவர்கள் முகத்துவாரத்தில் பொறுக்கும் மட்டி, பெண்கள் காயவைக்கும் கருவாடு. கணக்கெடுப்பில் "மீன்பிடிப்பவர்" என்ற கட்டத்தில் ஆணை எழுதிவிட்டு, ஏலத்தில் எடுத்துத் தலைச்சுமையாக விற்கும் பெண்ணை அடுத்த கட்டத்தில் தள்ளிவிடுவார்கள். பல வீடுகளில் அடுப்பு எரிவது அந்த இரண்டாவது கட்டத்தால்.

அடுத்து, எல்லாரும் ஒரே கடலை நம்பி இல்லை. ராமநாதபுரம் கரையில் பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். மரிக்கொழுந்து, கட்டைக்கோரை, கஞ்சிப்பாசி என்று பாறையில் ஒட்டியிருப்பதை மூச்சடக்கி மூழ்கிப் பறிக்கிறார்கள், விரலில் துணி சுற்றிக்கொண்டு. அவர்களுக்குக் கடல் என்றால் தீவைச் சுற்றியுள்ள ஆழமில்லாத பாறைத்திட்டு, அது பூங்காவின் எல்லைக்குள் போய்விட்டது. மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் எடுப்பது, இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்துவது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்தார்கள். அந்த முயற்சிக்காகச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சர்வதேச விருது கிடைத்தது. பாக் விரிகுடாவில் நண்டு வலை போடுகிறவருக்குக் கடல் என்றால் தாழைப் படுகை. ஆவுளியா, அதாவது கடற்பசு, மேய்வதும் அதே தாழைதான். அதற்காக 2022-ல் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவித்தார்கள்.

பிச்சாவரத்தில் இருளர்கள். படகு கிடையாது, பெரும்பாலும் வலையும் கிடையாது. அலையாத்திக் கால்வாயில் இறங்கிக் கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்து, ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு அதில் போடுவார்கள். பார்த்தால்தான் நம்புவீர்கள். பரம்பரை மீனவச் சாதி இல்லை என்பதால் மீனவர் என்ற பட்டியலுக்குள் வருவதே அவர்களுக்குப் பெரும்பாடு. ஆனால் அந்தக் காடு போனால் முதலில் பட்டினி கிடப்பது அவர்கள்தான். ஆழ்கடலுக்குப் போகிறவன் வேறு இடம் தேடிக்கொள்வான்.

ஆகவே யார், எந்தத் துண்டுக் கடலை, எந்தப் பருவத்தில், அது இல்லாவிட்டால் வேறு என்ன வழி என்று கேளுங்கள். சதவீதம் அதற்குப் பிறகு தானாக வரும்.

நாலுகால்பாய்ச்சல்

எல்லாரும் மீனவரை ரொம்பத் தூக்கி வைக்கிறீர்கள். மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கும் சுருக்குமடி வலையைப் போட்டுக் குஞ்சு மீனையும் சேர்த்து அள்ளுவது யார்? இழுவைமடியால் கடல் தரையைச் சுரண்டுவது யார்? மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்குப் பவளப்பாறையை வெட்டி எடுத்தது யார்? அரசாங்கம் தடுத்தால் ரோட்டில் உட்காருகிறார்கள். கச்சத்தீவுப் பக்கமும் இதே கதைதான், அங்கே போய்

நெறியாளர்

கச்சத்தீவுக்கு அரசியல் பகுதியில் தனி இழை இருக்கிறது. அங்கே தொடரவும், இங்கே அந்தப் பேச்சு வேண்டாம். முந்தைய பதிவின் கடைசிப் பகுதி நீக்கப்பட்டது.

கரைவலை

கேட்டது நல்ல கேள்வி, கோபமில்லை. "மீனவர்" என்று ஒரே ஆள் கிடையாது, அதுதான் பதில். சுருக்குமடியை எதிர்த்து முதலில் கத்தியதும் மீனவர்கள்தான். இங்கே 2000-லேயே அதற்குத் தடை வந்துவிட்டது. இருபது வருடம் அந்தத் தடை ஏட்டில் இருந்தது, வலை கடலில் இருந்தது. ஒருத்தன் போட்டு ஒரே நாளில் லட்சக்கணக்கில் மத்தி அள்ளினால் பக்கத்து ஊர்க்காரன் கடன் வாங்கியாவது அதே வலையைச் செய்வான். பிறகு தடையை இறுக்கிப் பிடிக்கும்போது, வாங்கிய கடனுக்கு யார் பொறுப்பு? கடலூர், நாகை மாவட்டங்களில் ஊருக்கு ஊர் பிளவு வந்தது இதனால்தான். கடைசியில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், வாரம் இரண்டு நாள், திங்களும் வியாழனும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்காலமாக அனுமதித்தது. எல்லை தாண்டி அப்பால் போய்விட்டு அன்றே திரும்ப வேண்டும். கடலில் நின்று மைல் அளப்பது யார் என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.

இழுவைமடியும் எங்கள் தாத்தா கேட்டு வாங்கியது அல்ல. ஏற்றுமதி இறாலுக்காக அரசாங்கமே மானியம் கொடுத்துத் தள்ளியது.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். ஊர்ப் பஞ்சாயத்து என்று பெருமையாகச் சொன்னேன், அதில் பெண்கள் உட்காருவதில்லை. வேறு சாதிக்கு இடமில்லை. பழவேற்காட்டில் பாடு முறை என்று உண்டு: இறால் பிடிக்கும் இடத்தைச் சீட்டுப்போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள், சண்டையில்லாமல் ஏரி பிழைத்ததற்கு அது ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் பாராட்டுவார்கள். சீட்டில் பெயர் இல்லாத குடும்பத்திடம் போய்க் கேட்டால் வேறு கதை வரும். ஆய்வுக்குப் போகிறவர் அந்த இரண்டாவது வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும்.

நாலுகால்பாய்ச்சல்

சரி, ஒத்துக்கொள்ளும் விஷயம். மானியம் கொடுத்துத் தள்ளியது எனக்குப் புதுச் செய்தி.

காப்பித்தோட்டம்

வசிஷ்டநதி அம்மா, உங்கள் புனைபெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று இடத்தைக் குறித்திருக்கிறேன் என்கிறீர்கள். உங்கள் வீட்டு வாசலில் ஓடுகிறதே, அது எங்கே போகிறது?

ஆத்தூர் வழியாக ஓடும் வசிஷ்ட நதியும் கெங்கவல்லி, வீரகனூர் பக்கம் வரும் சுவேத நதியும் சேர்ந்து வெள்ளாறாகின்றன. தொழுதூர், சேத்தியாத்தோப்பு தாண்டிப் பரங்கிப்பேட்டையில் கடல். சேர்வராயன் மலைத் தண்ணீரும் இரண்டு திசையில் கடலுக்குப் போகிறது: திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரிக்கு, வாணியாறு அரூர்ப் பக்கம் இறங்கித் தென்பெண்ணைக்கு, அது கடலூருக்கு. நாம் இங்கே ஆற்றில் விடுவது எல்லாம் யாரோ ஒருவருடைய முகத்துவாரத்துக்குத்தான் போகிறது.

ஜவ்வரிசி ஆலைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் ஆற்றில் கலக்கும் கதை ஆத்தூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தில் இதற்கு ஒரு வெட்டு இருக்கிறது. கடலோர மண்டல அறிவிக்கை ஆற்றுக்குள்ளும் வரும், ஆனால் உப்புத்தண்ணீர் ஏறும் வரைக்கும்தான். கோடைக்காலத்தில் தண்ணீரில் ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு எங்கே முடிகிறதோ அங்கே அந்தச் சட்டமும் முடிந்துவிடும். அதற்கு மேலே 1974 நீர் மாசுச் சட்டம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அணைக்கட்டுக்கு நீர்வளத்துறை, மணலுக்குக் கனிமவளத்துறை. முகத்துவாரத்து மீனவர் மேலே உள்ள ஆலையைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டுமென்றால், அவருக்கு முகமே தெரியாத வேறு மாவட்ட அலுவலகத்துக்கு வர வேண்டும்.

வசிஷ்டநதி

இதை எப்படி நான் யோசிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை! தினமும் பாலத்தைத் தாண்டித்தான் பேருந்து ஏறுகிறேன். அப்படியானால் ஆத்தூரில் நுரை வந்தால் பரங்கிப்பேட்டையில் இறால் எவ்வளவு குறைகிறது என்று காட்டினால்...

கடல்தாழை

அங்கேயே நில்லுங்கள் அம்மா. அதை ஒரு முனைவர் பட்டத்தில் காட்ட முடியாது. நான் அந்த முகத்துவாரத்திலேயே வாழ்ந்தவன், சொல்கிறேன்.

இறால் கடலில் முட்டையிடும், குஞ்சு அலையோடு கழிமுகத்துக்குள் வந்து அலையாத்தி வேருக்கிடையில் வளர்ந்து, பாதி வளர்ந்ததும் கடலுக்குத் திரும்பும். நல்ல தண்ணீர் எவ்வளவு வருகிறது, எப்போது வருகிறது, முகத்துவாரம் மணல் மூடியிருக்கிறதா, அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை எப்படி, வெளியே எத்தனை படகு இழுக்கிறது, பக்கத்தில் எத்தனை இறால் பண்ணை கழிவு விடுகிறது என்று பத்துக் காரணம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். நடுவில் தொழுதூரிலும் சேத்தியாத்தோப்பிலும் தண்ணீர் பாசனத்துக்குத் திரும்புகிறது. கோடையில் ஆத்தூர்த் தண்ணீர் கடலை எட்டுவதே சந்தேகம். இதில் ஆத்தூர் நுரையை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க ஒரு ஆய்வுக்கூடமே வேண்டும்.

நீங்கள் சமூகவியல். உங்கள் கேள்வி வேறு. மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பற்றி என்ன நினைக்கிறார்? முடசலோடையிலோ அன்னங்கோயிலிலோ உள்ளவருக்கு மீன்பாடு குறைந்தால் யாரைக் காரணம் சொல்கிறார், யாரிடம் போகிறார், அங்கிருந்து எங்கே திருப்பி அனுப்புகிறார்கள்? ஒரு புகார் மனு நடக்கும் பாதையைத் தொடருங்கள். அதைத் தொடர்ந்தாலே யார் ஆள்கிறார்கள், யாரும் ஆளாத இடைவெளி எங்கே என்று தெரிந்துவிடும். இதை உங்களால் செய்ய முடியும், என்னைப்போன்ற உயிரியல்காரனால் முடியாது.

பிச்சாவரமும் இதற்குள்ளேயே வந்துவிடுகிறது, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில்தான் அந்தக் காடு. வெள்ளைக்காரன் காலத்தில் மொட்டையாக வெட்டிய இடங்களில் தரை உள்வாங்கி, உப்புத்தண்ணீர் தேங்கி, எதுவும் முளைக்காமல் கிடந்தது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து மீன்முள் வடிவத்தில் கால்வாய் வெட்டி, அலை உள்ளே வந்துபோக விட்டார்கள். மரம் திரும்பியது. மூன்று தரப்பும் ஒன்றாக உட்கார்ந்த அபூர்வமான இடம் அது. அந்த ஏற்பாட்டில் இன்று என்ன மிச்சமிருக்கிறது என்று பார்ப்பதே நல்ல ஒப்பீடாகும்.

மேச்சேரிக்காரன்

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். கடல் கடல் என்கிறீர்கள், மேட்டூர் அணையை மறந்துவிட்டீர்கள். 1934-ல் கட்டியது, 93.47 டிஎம்சி. பரிசலில் வலை போடுகிறவர்கள் மீன்வளத்துறையில் உரிமம் வாங்கித்தான் இறங்க வேண்டும். உரிமம் யாருக்கு, கண்ணி எத்தனை அளவு, மீனை எங்கே எடை போட வேண்டும் என்பதெல்லாம் துறை சொல்லும். தண்ணீர் எப்போது திறப்பது என்பதில் மட்டும் அவர்களுக்கு வாய் கிடையாது, ஜூன் 12 என்றால் டெல்டா. ஆய்வாளர் கடலுக்குப் போகும் முன் இங்கே சில வாரம் பேசிப் பழகலாம். மொழி பழகும், கூச்சம் போகும். சேலம் மாவட்டத்திலேயே மீனவர் இருக்கிறார்கள் என்று உங்கள் ஆய்வுத் துறையில் சொல்லி வாயடைக்கவும் செய்யலாம்.

காப்பித்தோட்டம்

மேச்சேரியார் சொன்னது அருமை. அணை கட்டியதால் வண்டல் மேலேயே நின்றுவிடுகிறது, காவிரி முகத்துவாரக் கரைக்கு அது போய்ச் சேருவதில்லை என்பதும் அதே கணக்கில் வரும். ஆனால் அம்மா, காவிரியை இப்போது தொடாதீர்கள். தொட்டால் கர்நாடகம்வரை போக வேண்டியிருக்கும், பட்டம் வாங்கும்போது ஓய்வூதியமும் சேர்ந்து வரும்.

கரைவலை

எப்போது போவது என்று யாரும் சொல்லவில்லை. தடைக்காலத்தில் போங்கள். விசைப்படகு கட்டி நிற்கும், ஆண்கள் கரையில் வலை பின்னுவார்கள், படகுக்குச் சாயம் அடிப்பார்கள், பேச நேரம் இருக்கும். குடும்பத்துக்கு நிவாரணம் 8000 ரூபாய், அது வந்ததா இல்லையா என்பதில் தொடங்கினால் பேச்சு தானாக ஓடும். ஆனால் ஏலத்துக்குப் போகும் பெண்களின் பாடு தெரிய வேண்டுமென்றால் தை, மாசியில் இன்னொரு தடவை வர வேண்டும். விடிகாலையில் இறங்குதளத்தில் நிற்க வேண்டும், குறிப்பேட்டை உள்ளே வைத்துவிட்டு.

முதலில் பஞ்சாயத்தாரைப் பாருங்கள், அது மரியாதை. அவர்கள் கைகாட்டிவிடும் வீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். எங்கள் அம்மா அன்னங்கோயிலில் கருவாடு போடுகிறவர், தனிச்செய்தியில் எழுதினால் வழி சொல்கிறேன். சாப்பிடாமல் அனுப்ப மாட்டார், அதற்குத் தயாராகப் போங்கள்.

வசிஷ்டநதி

எல்லாருக்கும் நன்றி. முன்மொழிவை மாற்றி எழுதுகிறேன். ஆத்தூரிலிருந்து பரங்கிப்பேட்டைவரை வெள்ளாறு. மூன்று இடம்: ஆத்தூரில் ஆற்றங்கரை, நடுவில் சேத்தியாத்தோப்பு, கீழே முகத்துவாரமும் பிச்சாவரத்து இருளர் குடியிருப்பும். முதன்மைக் கேள்வி கடல்தாழை ஐயா சொன்ன புகார் மனுவின் பாதை. இறால் எண்ணிக்கை ஆசையை விட்டாயிற்று, மனசில்லாமல்தான். "சேலத்தில் ஏதும்மா கடல்" என்று மறுபடி கேட்டால் ஆற்று வரைபடத்தை விரித்துவிடுவேன்.

ஒன்று மட்டும் பாக்கி. முகத்துவாரத்தில் கடலோர மண்டல எல்லை சரியாக எங்கே முடிகிறது என்று எங்கே பார்ப்பது?

காப்பித்தோட்டம்

கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடங்கள் என்று கேளுங்கள். சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள நீடித்த கடலோர மேலாண்மைக்கான தேசிய மையம் இந்த வேலையைச் செய்யும் நிறுவனங்களில் ஒன்று. மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திலும், கடலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் கேட்கலாம், தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 1:25000 அளவில் ஒன்று இருக்கும், அது போதாது. ஊர் அளவில் புல எண்ணோடு இருக்கும் 1:4000 அளவு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வாங்கியதும் அதைச் சுருட்டி வைத்துவிடாமல் நேரே கரைக்கு எடுத்துப் போங்கள். மீனவ கிராமங்களையும் அவர்களின் பொதுப் புழக்க இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கையே சொல்கிறது. படகு நிறுத்தும் இடம், வலை காயப்போடும் மணல், கருவாட்டுத் திடல் இவை குறிக்கப்படவில்லை என்பதுதான் மீனவர் அமைப்புகள் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை. கரைவலையின் அம்மா கருவாடு போடும் இடம் அதில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கரைவலை

நானும் பார்க்க வேண்டும் ஐயா. வரைபடம் கிடைத்ததும் இங்கேயே போடுங்கள் தங்கச்சி, அப்பாவிடம் காட்டிக் கேட்டு எழுதுகிறேன்.